அம்மா தேடிய தோடு

பக்கத்து வீட்டு மதினி தன் கல்தோட்டைத் திருடிவிட்டதாகத் தெருக்குழாயடியில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தத் தோடு என் காதில் இருந்தது. என் கல்யாணத்தன்று அம்மாவே கழற்றி எனக்குப் போட்டுவிட்டது.

பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். தோட்டைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது உன்னது. என்னதத்தான் அவ எடுத்துட்டா.”

மதினி குடம் நிறையும்வரைகூட நிற்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. திருத்தங்கல் வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா உட்கார மாட்டாள். டிரங்குப் பெட்டியைக் கவிழ்ப்பாள், அரிசிக்குள் கைவிட்டுத் துழாவுவாள், தலையணையைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டுவாள். நான் அடுக்கி வைத்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். என் வேலையோ வெடிமருந்து அடைக்கும் அறையில். அங்கே நினைப்பு வேறெங்கும் போகக் கூடாது. எனக்கே பயம் வந்து, போர்மேனிடம் கேட்டுப் பாக்கெட் போடும் பக்கம் மாறிக்கொண்டேன். அங்கேயும் மனசு வீட்டைச் சுற்றியே அலைந்தது.

மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இது மறதி நோய், மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது என்றார். கையில் அகப்படாத பொருளை யாரோ எடுத்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுமாம். மறுத்துப் பேசினால் பயம்தான் கூடுமாம். அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள் என்றும் சொன்னார். எப்படிச் சொல்வது? பைத்தியம் என்றல்லவா பேசுவார்கள்? திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

மதினி என் முகத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தார். அவரிடம் நேரே சொல்ல வழியில்லாமல், மறுநாள் காலை வேனில் வைத்து எல்லோரிடமும் சொன்னேன். ஒட்டிக்கொள்ளுமா என்று ஒருத்தி கேட்டாள். ஒட்டாது என்றேன். இன்னொருத்தி, தன் மாமனார் சாப்பிட்ட கையோடு மறுபடி சோறு கேட்பார் என்றாள். வீம்பு என்று நினைத்து அவர் சாகும்வரை ஏசியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சு எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் மதினி வாசலில் வந்து நின்றார். அம்மா என் கையை இறுகப் பிடித்தாள்.

“அயித்த, எங்க வீட்டுக்கு வாங்க. எங்கன வேணும்னாலும் நீங்களே தேடிப் பாருங்க.”

வேண்டாம் மதினி என்றேன். அவர் என்னை அடக்கினார்.

“நீ சும்மா இரு. நான் எடுக்கலைன்னு எம்புட்டுச் சொன்னாலும் அவுகளுக்கு ஏறாது. தேடட்டும்.”

அம்மா போனாள். மதினியின் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சேலையாக எடுத்து உதறினாள். மதினியின் வீட்டுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கொஞ்ச நேரத்தில் எதைத் தேடினோம் என்பதே அம்மாவுக்கு விட்டுப்போனது. உதறிய சேலைகளை மடிக்க ஆரம்பித்தாள். மதினியும் எதிரே உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக்கொடுத்தார்.

அதன்பிறகு அம்மாவுக்குப் பகல் முழுக்க அந்த வீடுதான். மதினி வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டியபடியே பார்த்துக்கொண்டார். சில நாள் அம்மா அவரை முகத்துக்கு நேரே திருடி என்பாள். ஒருநாள் மதினி கண் கலங்கி, இனி முடியாது, நாளைக்கு நீ லீவு போடு என்றார். போட்டேன். அடுத்த நாள் அவரே வந்து கூட்டிப்போனார். அம்மா நழுவி பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட்டால், டீக்கடைக்காரர் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வேன்காரரின் செல்போனுக்குச் சொல்லுவார். கம்பெனிக்குள் எங்களுக்குச் செல்போன் கூடாது; வேன்காரர் வந்து கூப்பிட்டதும் கிளம்பி ஓடுவேன்.

பிறகு அம்மா தேடுவதை விட்டுவிட்டாள். எழுந்து நடப்பதும் நின்றது. வீடு அடுக்கியபடி கிடக்க, நான்தான் உட்கார முடியாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் அவள் போனாள். மதினியும் நானுமாகக் குளிப்பாட்டினோம்.

சில மாதம் கழித்துக் கீழத்தெருவில் ஒரு பெரியவர் தன் வீட்டுக்கே வழி தெரியாமல் அலைவதாகப் பேச்சு வந்தது. வீட்டில் அவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கேள்விப்பட்டதும் மதினி ஒட்டிக்கொண்டிருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டு, பசைக் கையோடு அங்கே போனார். நானும் கூடவே போனேன்.

“கட்டாதீக. அது நோவு,” என்று வாசலிலேயே சொன்னார்.