ஏழு தொட்டியும் இங்கேதான் இருக்கும்

பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கதவைத் தட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதால் நேரம் உறுதியாகத் தெரியும். அவருக்கு அது நைட் ஷிஃப்ட் வாரம். லுங்கியும் பனியனுமாக, கண் இரண்டும் சிவந்துபோய் வாசலில் நின்றார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மீன் மோட்டார் சத்தம் தாங்க முடியல.”

“உள்ள வாங்க தம்பி” என்றேன்.

“உள்ள வந்து என்னக்கா பண்ண? படுத்தா காதுக்குள்ள ஙொய்ங்குது. மைன்ஸ்ல அவ்ளோ பெரிய மெஷின் மேல உக்காந்திருக்கேன், அங்க கண்ணு சொக்குது. வீட்டுக்கு வந்தா இந்தக் கொசுச் சத்தத்துக்குத் தூக்கம் வரல.”

எங்களுடையது இரட்டைக் குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய படுக்கையறை, இந்தப் பக்கம் என் முன்னறை. ஜன்னல் இல்லாத சுவர் அது ஒன்றுதான். வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும் என்பதால் ஏழு மீன் தொட்டிகளையும் அதை ஒட்டி இரண்டு அடுக்காக வைத்திருந்தேன். தொட்டிக்கு ஒன்றாக ஏழு சின்ன ஏர் பம்புகள். தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றும் சாதுதான். ஏழும் சேர்ந்தால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அலைபோல் வரும். எனக்கு அது பழகிவிட்டது.

“காலைல ஏழுலேருந்து மூணு வரைக்கும் ஆஃப் பண்ணி வைங்க. முடியலன்னா ரெண்டு தொட்டி வச்சிக்கங்க, போதும். இல்லன்னா நான் டவுன்ஷிப் ஆபீஸ்ல எழுதிக் குடுக்குறதா இருக்கேன். குவார்ட்டர்ஸ்ல இத்தனை வைக்கலாமான்னு அவங்களே சொல்லட்டும்.”

“எட்டு மணி நேரம் நிறுத்தினா மீனுங்க மேல வந்து வாயைப் பிளக்கும் தம்பி. ஏழு தொட்டியும் இங்கேதான் இருக்கும். சத்தத்துக்கு நான் வழி பண்றேன்.”

“எப்போ?”

“உங்க அடுத்த நைட் ஷிஃப்ட் வாரத்துக்குள்ள.”

அவர் நம்பவில்லை என்பது அவர் செருப்பை மாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

மதியம் சாப்பிட வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் பம்பு ஃபிட்டர். சோற்றைப் பிசைந்துகொண்டே, “பாவம் அவன், நைட் ஷிஃப்ட்காரன். நாலஞ்சு தொட்டியை யாருக்காவது குடுத்துடேன்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லால்தான். இருபத்திரண்டு வருடம் இவருக்கும் நைட் ஷிஃப்ட் இருந்தது. இருபத்திரண்டு வருடமும் இவர் வேலையிலிருந்து திரும்புவதற்குள் சட்னி அரைத்து முடித்திருக்கிறேன். இவர் தூங்கும் நேரத்தில் குக்கர் வைத்ததில்லை. பாத்திரத்திலேயே சோறு வடித்தேன். வாசல் மணியின் ஒயரைக் கழற்றி வைத்திருந்தேன். பகலில் விருந்தாளி வந்தால் வேப்பமரத்தடியில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினேன். எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். இங்கே பெண்கள் பகலில் நடப்பதே நுனி விரலில். இவர் பகல் நேர ஜெனரல் ஷிஃப்டுக்கு மாறிய பிறகுதான் என் வீட்டில் நான் விரும்பிய ஒரு பொருளை, அது ஓடும் சத்தத்தோடு, வைத்துக்கொண்டேன். முதலில் கப்பி மீன்களுக்கு ஒரு தொட்டி. அது குட்டி போட்டுக் குட்டி போட்டு மூன்றானது. பிறகு மோலி, ஏஞ்சல், தங்கமீன். ஏழு தொட்டிக்கும் தண்ணீர் மாற்றிய நாள், இறந்தது, பிறந்தது, எல்லாம் என் நோட்டில் கட்டம் போட்டு எழுதப்பட்டிருக்கின்றன.

“ஒண்ணுகூடக் குடுக்க மாட்டேன்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மோரை ஊற்றிக்கொண்டு, “அப்போ சின்ன பம்பு ஏழையும் தூக்கு. பெருசா ஒண்ணு போடு. வாங்கும்போது முதல்ல ஸ்பேர் கிடைக்குமான்னு கேளு” என்றார். அது உருப்படியான பேச்சு.

வியாழக்கிழமை மந்தாரக்குப்பம் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்ண மீன் கடை வைத்திருப்பவர் எனக்கு ஆறு வருடப் பழக்கம். பித்தளை வாய் வைத்த கனமான கம்ப்ரஸர் ஒன்றை எடுத்து வைத்தார்.

“இத எட்த்துக்கினு போங்கக்கா. இருபது தொட்டி இருந்தாலும் தாங்கும்.”

ஓடவிட்டார். வெளியே இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“சத்தமே இல்ல பாருங்க.”

“பஸ் போவட்டும், பாக்கலாம்.”

“பஸ் போனா இன்னொரு பஸ் வரும்க்கா. இது ரோட்டு மேல கீற கடை.”

இதற்கு நான் தயாராக வந்திருந்தேன். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, பம்பு இருந்த பலகையில் ஒரு சாண் தள்ளி வைத்தேன். காது ஏமாந்தாலும் தண்ணீர் ஏமாறாது. டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

“இன்னாக்கா, டீ குடிக்க வந்தீங்களா, பம்பு வாங்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

“இது வேணாம். அடுத்தது.”

ஐந்து பம்புகளை அன்று டம்ளர் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவதில் தண்ணீர் பலகையில் சிந்தியது. நான்காவது அமைதியாக இருந்தது. ஆனால் ஏஞ்சல் தொட்டி ஒன்றரை அடி ஆழம். அந்த ஆழத்தில் காற்று வருமா என்று பார்க்க வேண்டும். அவர் ஓட்டிக் காட்டிய வாளி முக்கால் அடி ஆழம்கூட இல்லை. பின்கட்டிலிருந்த டிரம்மில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். டியூப் நுனி அடியைத் தொட்டதும் குமிழிகள் நின்றுவிட்டன.

“வாளில நல்லா தானே வந்துகினு இருந்துது” என்று அவரே தலையைச் சொறிந்தார்.

ஐந்தாவது ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே பிஸ்டன் கிடையாது, ரப்பர் தகடு மேலும் கீழும் அசைந்து காற்றைத் தள்ளும். காற்று வெளியே வர எட்டு வாய். டிரம்மின் அடியில், எட்டு வாயையும் திறந்த பிறகும், குமிழி குறையவில்லை. டம்ளர் தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். அடியில் காற்று உறிஞ்சும் இடத்திலிருந்த பஞ்சைக் கழற்றிக் கழுவ முடிந்தது. எங்கள் ஊரில் அது முக்கியம். காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மாலையில் விரல் வைத்தால் நிலக்கரித் தூசி கருப்பாக ஒட்டும். கழுவ முடியாத பஞ்சு மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

“ரப்பர் ஸ்பேர் கிடைக்குமா?”

“கிடைக்கும்.”

“இருக்கா, கிடைக்குமா?”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு ரப்பர் தகடுகளை எடுத்து வந்து கவுண்டரில் போட்டார். “மைன்ஸ்காரர் வூட்டுக்கு வியாபாரம் பண்றதுக்கு மைன்ஸ்லயே வேலைக்குப் போய்டலாம்” என்றார்.

அடுத்து நாங்கள் செய்தது சுரங்கத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

சுரங்கத்தில் எந்தப் பம்பையும் சும்மா வைப்பதில்லை. அடியில் கான்கிரீட் போட்டு, போல்ட் வைத்து இறுக்குவார்கள். இறுக்காத பம்பு ஆடும், ஆடினால் உடையும். என் கணவர் முப்பது வருடமாகச் செய்வது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் தொட்டிகளுக்கு மேலே, சுவரில் நான்கு ஓட்டை போட்டு, இரும்புத் தாங்கி வைத்து, அதன் மேல் பம்பை நான்கு போல்ட்டால் இறுக்கினார். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் கரண்ட் போனாலும் டியூப் வழியே தண்ணீர் திரும்பாது என்று நான்தான் இடம் சொன்னேன். கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு, “இனி நிலநடுக்கம் வந்தாலும் அசையாது” என்றார். அறைக்குள் சத்தம் முன்பைவிடக் குறைவாகத்தான் இருந்தது. நாட்குறிப்பில் ‘முடிந்தது’ என்று எழுதினேன். அந்தச் சொல்லைப் பிறகு அடித்தேன்.

அடுத்த நைட் ஷிஃப்ட் வாரம், முதல் நாளே தம்பி வந்தார். இந்த முறை சட்டை போட்டிருந்தார். பையில் மடித்த காகிதம் தெரிந்தது.

“அக்கா, முன்னாடி கொசு. இப்போ வண்டு. என் பீரோ கண்ணாடியே பாடுது. லெட்டர் எழுதிட்டேன்.”

“காட்டுங்க.”

“லெட்டரையா?”

“பீரோவை.”

அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கையைத் துடைத்தபடி வந்து கட்டில் ஓரத்தைக் காட்டினாள். அவர் தலை வைக்கும் இடத்தில் சுவரில் காதை வைத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. என் அறையில் கேட்டதைவிட இங்கே அதிகமாகக் கேட்டது. சுவருக்கே உறுமல் வந்திருந்தது. நாங்கள் போட்ட நான்கு போல்ட்டும் பம்பின் நடுக்கத்தைச் செங்கல்லுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தன.

“சத்தம் இருக்கு. தப்பு எங்களோடது” என்றேன். “ஆனா லெட்டரை இன்னும் குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் வேணும்.”

“தொட்டியைக் குறைப்பீங்களா?”

“மாட்டேன்.”

அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து போல்ட்டுகளை நானே கழற்றினேன். மாலையில் கணவர் வந்து பார்த்துவிட்டு, “ஃபவுண்டேஷன் இல்லாம பம்பா?” என்றார், வீட்டுக்குக் கூரை இல்லையா என்பதுபோல. “உங்க பம்பு தரையை நம்பி நிக்கணும். என்னுது எதையும் தொடாம இருக்கணும்” என்றேன். சமையலறைக்குப் பின்னால், கொல்லைப் பக்கச் சுவரில் பரண் இருக்கிறது. அதன் கொக்கியில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக் கட்டி, பம்பை அதில் தொங்கவிட்டேன். அங்கிருந்து முன்னறை வரை ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் தொட்டிக்கு ஒன்றாக வால்வுகள். ஆழம் குறைந்த தொட்டிகள் காற்றை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பதால் கப்பித் தொட்டிகளின் வால்வைக் கொஞ்சம் மூடி, ஏஞ்சல் தொட்டிக்கு முழுவதும் திறந்தேன். இதற்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இப்போது பம்பு தொட்டில் குழந்தைபோல ஆடியது. சுவரில் காது வைத்தால் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை தம்பி கதவைத் தட்டினார். “இன்னும் கேக்குதுக்கா.”

“எவ்ளோ?”

“வண்டு இல்ல. ஆனா ஙொய்னு இருக்கு.”

‘கேட்கிறது’ என்று அவர் சொன்னால் போதாது, நான் மறுத்தாலும் போதாது என்று தோன்றியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நோட்டும் எவர்சில்வர் டம்ளருமாக அவர் வீட்டுக்குப் போனேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவை, சத்தம் கேட்கிறதா இல்லையா என்று அவர் எழுத வேண்டும். அதே ஆறு தடவையில் என் கணவர் எங்கள் வீட்டில் பம்பைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டுவார் அல்லது நிறுத்துவார்; அதை அவர் தனியாக எழுதுவார். எப்போது எது என்று எனக்கும் தெரியாது. தம்பி கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, பரீட்சை எழுதுகிற மாதிரி யோசித்து யோசித்து எழுதினார்.

அரை மணி கழித்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தம்பி ஆறு தடவையும் ‘கேட்குது’ என்று எழுதியிருந்தார். என் கணவர் நான்கு தடவை நிறுத்தி வைத்திருந்தார்.

தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ எனக்குக் கேக்குறது என்ன?”

“அதைத்தான் தேடணும்” என்றேன்.

கேட்கிறது என்பது உண்மைதான். இப்போது அமைதியாக நின்றபோது எனக்கும் கேட்டது. டம்ளரில் தண்ணீர் நிரப்பி அறையில் ஒவ்வோர் இடமாக வைத்தோம். கட்டில் தலைமாட்டிலிருந்த அலமாரியில் தண்ணீர் சிலிர்த்தது. அதற்கு ஒரு முழம் மேலே, ஏசிக்கான பழைய ஸ்டெபிலைசர், சுவரில் நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருந்தது. ஏசி நின்றிருந்தாலும் அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சுவிட்சைக் காட்டினேன். தம்பி அணைத்தார். அறை சட்டென்று காலியானதுபோல் இருந்தது.

“கரண்டே ஒழுங்கா இருக்குற ஊர்ல இதை யார் மாட்டச் சொன்னது?” என்றார் தம்பி.

“எங்க அப்பா சீராக் குடுத்தது. அதையும் குறை சொல்லுங்க” என்றாள் மனைவி. “இத்தனை நாள் அக்கா மீனைக் கொல்லப் பாத்தீங்களே.”

“முன்னாடி எங்க சத்தமும் இருந்துச்சும்மா. அதையும் எழுதியிருக்கேன்” என்றேன். எழுதியும் இருந்தேன்.

தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஸ்டெபிலைசருக்கு வாங்க வேண்டிய ரப்பர் வாஷரின் அளவை எழுதிக்கொண்டார்.

வாசல்வரை வந்து, “எல்லாம் சரிக்கா. ஆனா ஏழு தொட்டி ஜாஸ்திதான்” என்றார்.

அந்தப் பம்பில் எட்டாவது வாய் ஒன்று அடைப்பு வைத்துச் சும்மாவே இருந்தது. அடுத்த வாரம் மந்தாரக்குப்பம் போய் இன்னொரு தொட்டி வாங்கி வந்தேன். கொண்டுவந்து இறக்கியபோது தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகும் செகண்ட் ஷிஃப்ட் வாரம்.

“எட்டாக்கா?”

“எட்டு” என்றேன். “ஒரு பக்கம் பிடிங்க.”