அடையாறில் அம்மா கை நனைத்த நாள்

யார் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டாலும், அவர்களைக் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கும்வரை அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டு ஆண்டனி மாமாவின் கிறிஸ்துமஸ் பிரியாணிக்குப் பொங்கலன்று பதில் போய்விடும். வியாபாரம் படுத்த வாரமானால் கருவாட்டுக் குழம்பாவது வைத்துக் கூப்பிடுவாள். லூப் ரோட்டில் மீன் விற்கும் என் அம்மா வசந்தி யாருக்கும் சாப்பாட்டுக் கடன் வைத்ததில்லை.

அதே அம்மா, சம்பந்தம் பேசப் போன வீட்டில் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இரண்டு பக்கமும் சரி என்று சொல்லும்வரை கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

ரகுவும் நானும் ஒரே அலுவலகம். அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: அவன் அம்மா எப்போது நம் வீட்டுக்கு வருவார்? அவர்கள் வீடு மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கம்; எங்கள் குப்பத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் அவன் அம்மா வைதேகி, வெளியே எங்காவது சந்திக்கலாம் என்று சொல்லியனுப்பினார். ரகு அடையாறில் கேஸ்ட்ரோபப் என்கிற ஒரு பீர் உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மேசை பிடித்தான். ஒரு பக்கம் பளபளக்கும் பீர் குழாய்கள், இன்னொரு பக்கம் தொங்கும் செடிகள். நல்ல இடம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அம்மா எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பட்டுப்புடவையில் வந்தாள். சுவரோரச் சோபாவின் மூலை அவளுக்குக் கிடைத்தது. முன்னால் நகர்த்த முடியாத மரமேசை, பக்கத்தில் நான். அவள் எழ வேண்டுமானால் நான் முதலில் எழ வேண்டும்.

"இன்னாடி ஆஷா, பகல்லயே இருட்டா கீது" என்றாள் என் காதில் மட்டும்.

வைதேகி அன்பாகத்தான் பேசினார். தனக்குக் காளான், எங்களுக்கு மீன் என்று அவரே சொல்லிவிட்டார், உங்களுக்குப் பிடிக்குமே என்று. வெயிலைப் பற்றிப் பேசினார். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்பதை இரண்டு முறை பாராட்டினார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மீன் வந்தது. அம்மா தொடவில்லை. அவள் வலதுகை முந்தானைக்குள்ளேயே இருந்தது. பரிமாறுபவர் வந்து, நன்றாக இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனார். சாப்பிடாவிட்டால் மரியாதை தெரியாதவள். சாப்பிட்டால், பதிலே வராமல் சம்மதம் சொன்னவள். மேசைக்கடியில் அவள் முழங்காலை அழுத்தினேன். சாப்பிடச் சொல்லியா, வேண்டாமென்றா, எனக்கே தெரியவில்லை.

கடைசியில் அம்மாவே கேட்டாள். "ஒத்துக்கினாதான்மா நாங்க கை நனைப்போம். நனைக்கட்டுங்களா?"

வைதேகிக்குத் தெரியாத வழக்கம் இல்லை அது. முள்கரண்டியைக் கீழே வைத்துச் சிரித்தார். "இது ஓட்டல்தானே. இங்க சாப்ட்டா அதெல்லாம் கணக்குல வராது. தைரியமா சாப்பிடுங்கோ."

இந்த இடம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் படியை நாங்கள் ஏற வேண்டாம், எங்கள் படியை அவர்கள் ஏற வேண்டாம். ரகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ, இத்தனை வருஷம் படித்தது இப்படி ஒரு மேசையில் சமமாக உட்காரத்தானே என்று மட்டும் தோன்றியது.

அம்மா என்னைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். நான் எழுந்தால்தான் அவளுக்கு வழி. நான் எழவில்லை. அவள் தண்ணீர்க் கிளாசுக்குள் விரல்களை முக்கினாள். மீனைக் கையால் பிட்டு வாயில் போட்டு, மென்று முடித்தாள்.

"உங்களுக்கு வராது. எனக்குக் கணக்குல வரும். உங்க சாப்பாட்டச் சாப்ட்டேன். நீங்க எங்க வூட்டுக்கு வந்து சாப்டணும்."

பார்க்கலாம் என்றார் வைதேகி. பில்லையும் அவரே கொடுத்தார்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. வைதேகி வந்தார், மாலை எடுத்துக் கொடுத்தார், தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தார், போனார். குப்பத்துப் பக்கம் இதுவரை வரவில்லை.

அந்த மதியத்துக்கு மறுவாரமே அம்மா தி.நகர் போய், மீன் படாத ஒரு குக்கர் வாங்கி வந்திருந்தாள், வைதேகி வந்தால் சாம்பார் வைக்க. அது அலமாரி மேல் ஸ்டிக்கர்கூட உரிக்காமல் இருக்கிறது. போன மாதம் என் வேளச்சேரி வீட்டுக்கு அதைக் கேட்டேன். அம்மா தரவில்லை.

"அது அந்தம்மாவுக்கு வாங்கினதுடி. நான் இன்னும் சோறு போட வேண்டியது பாக்கி கீது."