இல்லாத வண்டு

தாராசுரத்தில் எங்கள் தெருமுனையில் பாய் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். சம்பா நெல் மழையில் மூழ்கியதற்கு அடுத்த வருடம் எங்கள் வீட்டில் காசு இறுகியது. நான் கும்பகோணத்துச் சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுபடிக்கு மாறிவிட்டேன். ஒருநாள் கடையைக் கடக்கும்போது அவர் கேட்டுவிட்டார்.

"என்னக்கா, நம்ம கடையையே மறந்துட்டீங்க?"

விலைதான் காரணம் என்று சொல்ல வெட்கம். "போன தடவை துவரம்பருப்புல வண்டு இருந்துச்சு பாய்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மறுநாள் வீட்டுக்கே வந்தார்.

"மூட்டையைக் கொட்டிப் பார்த்தேங்க்கா, ஒரு வண்டும் தெரியல. ஆனா நீங்க பொய்யா சொல்லப் போறீங்க? மொத்தத்தையும் வாத்து மேய்க்கிறவருக்குக் குடுத்துட்டேன். புது மூட்டை வந்ததும் வாங்க."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன். குறுவை அறுத்த வயலில் நூறு வாத்துகள் அந்த நல்ல பருப்பைக் கொத்திக்கொண்டிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

புது மூட்டை எடுக்க அவரிடம் முதல் இல்லை. தீபாவளிக்கு முன்பே கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

இப்போது எந்தக் கடைக்காரர் கேட்டாலும், "அங்க விலை கம்மிங்க" என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அது அவர்களைக் காப்பாற்றாது. தங்கள் சரக்கில் குறையில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.