இலியாஸ் பாய் பெயரில் இருக்கும் பன்னிரண்டு பெட்டிகள்

இலியாஸ் பாய் காலமான செய்தி எங்கள் கிடங்கின் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. காலை ஒன்பதரை இருக்கும். லாரியிலிருந்து குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். "மாமா இன்று சுபுஹு தொழுகை நேரத்தில் மௌத்தாகிவிட்டார்கள். அசர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம்" என்று பாயின் ஃபோனிலிருந்து அவருடைய மருமகன் எழுதியிருந்தார். படித்துவிட்டு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டேன். இன்னும் முப்பத்தொரு பெட்டி பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பாதியில் விட்டால் பாய்க்குப் பிடிக்காது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில், கை தானாக வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் தருமபுரத்தில் அவர் வீட்டுக்கு எதிரே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பாயைப் பற்றித்தான் பேச்சு. அவருடைய முணுமுணுப்பு, டீயில் சர்க்கரை கூடிவிட்டால் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுப்பது, லேபிள் ஒரு விரல் கோணலாக ஒட்டியிருந்தாலும் பிய்த்துவிட்டு வேறு ஒட்டுவது. பேக்கிங் செல்வராசு சொன்னார்: "எவ்வளவு கறாரான ஆளு! அவரே ஒரு தடவ மாத்திரைய மாத்தி அனுப்பிட்டாரு பாருங்க. யாரா இருந்தா என்ன, மனுஷன்தானே." நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இலியாஸ் பாய் மாத்திரையை மாற்றி அனுப்பவில்லை. அனுப்பியது நான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். எங்களுடையது மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு. காரைக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற மருந்துக்கடைகளுக்கு இங்கிருந்துதான் சரக்கு போகிறது. நான் விழிதியூரிலிருந்து தினமும் வண்டியில் வந்து போகிறவன், இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருக்கிறேன். இலியாஸ் பாய் துபாயில் ஒரு பெரிய கிடங்கில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, எங்களோடு சேர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வந்த முதல் மாதத்திலேயே, பென்சிலால் பில்லில் டிக் அடித்துச் சரக்கு எடுக்கும் எங்கள் முறையைப் பார்த்து, "இப்படித்தான் மருந்து கொடுக்குறீங்களா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

அவர் சொல்லித்தான் முதலாளி கையில் பிடித்து அடிக்கும் ஸ்கேனர் நாலு வாங்கினார். நாங்கள் அதை மெஷின் என்போம். பார்க்கக் கொஞ்சம் தடித்த செல்ஃபோன் மாதிரி இருக்கும், பக்கவாட்டில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சிவப்புக் கோடு விழும், பெட்டியின் பார்கோடைப் படித்ததும் கீச்சென்று ஒரு சத்தம். பாய் நாலையும் பேக்கிங் மேசையில் வரிசையாக வைத்து, கூட வந்த தாளில் இருந்த கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்தே அவற்றைத் தயார் செய்தார். ஒரு கோடு அடித்தால் வைஃபை, இன்னொன்று அடித்தால் தேதி, நேரம். பிறகு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு கிடங்கு முழுக்க மெதுவாக நடந்தார். எந்த மூலையில் சிக்னல் போகிறது என்று பார்க்கிறாராம். குளுக்கோஸ் அடுக்குக்குப் பின்னால் போகிறது என்று கண்டுபிடித்து, அந்த அடுக்கையே இடம் மாற்றச் சொன்னார். மாற்றியது நானும் செல்வராசுவும். முதுகு வலி மூன்று நாள் இருந்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவர் பேசியது கொஞ்சம்தான். பளபளக்கும் பிளாஸ்டிக் சுற்றிய பெட்டியை நேராக அடித்தால் படிக்காது என்பதற்கு, "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, ஒளி கண்ணுலயே திரும்பி அடிக்குதுல்ல" என்றார். சத்தம் கேட்டதும் அடுத்த பெட்டிக்குத் தாவியவர்களை நிறுத்தி, "சத்தம் வந்தா போதாதுங்க, திரையப் பாருங்க" என்றார். பெட்டி எத்தனையோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். நாங்கள் ஒரு பெட்டியை அடித்துவிட்டு எண்ணிக்கையில் இருபது என்று தட்டிவிடுவோம். மெஷின் அதை ஏற்றுக்கொண்டது, அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அப்போது தடுக்கவும் இல்லை.

ஆளுக்கொரு அட்டை அச்சடித்துக் கொடுத்தார். அதில் பெயரும் ஒரு பார்கோடும் இருக்கும். மெஷினைத் திறக்க முதலில் நம் அட்டையை அடிக்க வேண்டும். அன்றைக்கு அவர் சொன்ன ஒரு விஷயத்தை அந்த மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் கேட்டோம்: "மெஷின் யார் பேருல தெறந்திருக்கோ, அதுல அடிச்சதுக்கெல்லாம் அவங்கதான் பதில் சொல்லணும். நான் அடிக்கலன்னு பின்னால சொல்லக் கூடாது."

முதலில் இரண்டு நிமிஷம் தொடாமல் வைத்தால் மெஷின் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தார். ஒரு பீடி குடித்துவிட்டு வந்தால் மறுபடி அட்டையைத் தேட வேண்டும். எங்களுக்குக் கடுப்பாக இருந்தது. நான்தான் எல்லாருக்கும் முன்னால் நின்று அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "இது என்னங்க பாய், நிமிஷத்துக்கு ஒரு தடவ நான் யாருன்னு இதுகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டேன். சிரிக்காமல் பார்த்துவிட்டு, பூட்டும் நேரத்தை ஒரு மணி நேரமாக மாற்றிக் கொடுத்தார். "உங்களுக்காகச் செய்றேன். எனக்கு இது பிடிக்கல" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்கு அவசரமாகக் கிளம்பினார். மெஷினைச் சார்ஜர் ஸ்டாண்டில் வைத்தார், பூட்டவில்லை. அது தானாகப் பூட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் இருக்கிறதே. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள், வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் கிடங்கில் இருப்பது எப்போதும் நான் மட்டும்தான். கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு கடைக்கு அவசரமாகச் சரக்கு போக வேண்டியிருந்தது. என் மெஷினை முந்தின நாள் சார்ஜில் போட மறந்திருந்தேன், அது செத்துக் கிடந்தது. அவருடையதை எடுத்தேன். திறந்தே இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை, ஐந்து மில்லிகிராம், பன்னிரண்டு பெட்டி. மேலே இருந்த ஒன்றை அடித்து எண்ணிக்கையில் பன்னிரண்டு என்று தட்டினேன். அடியில் இரண்டு பெட்டி பத்து மில்லிகிராம். நிறம் ஒன்றுதான், ஓரத்தில் இருக்கும் எண் மட்டும் வேறு, நான் கவனிக்கவில்லை. மெஷினை ஸ்டாண்டில் திரும்ப வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். புளிச்சோறு என்பது வரைக்கும் நினைவிருக்கிறது.

பத்து நாள் கழித்து அந்தக் கடைக்காரர் மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரிடம் மாத்திரை வாங்கிய ஒரு அம்மாள் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். பெரிய ஆபத்து ஒன்றும் ஆகவில்லை, பிறகு குணமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. முதலாளி கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை எடுத்தார். இலியாஸ் என்று இருந்தது. எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே பாயைக் கூப்பிட்டார்.

பாய் திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த வரியை நிதானமாகப் படித்தார். அவர் சொன்னபடியே, திரையைப் பார்த்தார். பிறகு, "என் பேருல இருக்கு. நான்தான் பதில் சொல்லணும்" என்றார். நான் அடித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டது. அவருக்கு இரண்டடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. தாராளமாகவே இருந்தது.

அந்த வரியில் நேரமும் இருந்தது. வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று இருபத்திரண்டு. எண்ணிக்கை, கையால் தட்டியது. அந்த நேரத்தில் அவர் பள்ளிவாசலில் இருந்தார், பன்னிரண்டு பெட்டியை ஒரே தட்டில் அடிக்கிற ஆளும் அவர் இல்லை. முதலாளி பெயரைப் பார்த்தார், நேரத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நேரத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த மாதம் கிடங்கின் பழைய பொறுப்பாளர் ஓய்வு பெறுவதாக இருந்தது. அடுத்தது இலியாஸ் பாய்தான் என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இந்த விஷயம் கடைக்காரர்கள் மத்தியில் பரவிய பிறகு அதைச் செய்ய முடியவில்லை. பொறுப்பு எனக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் பாய் நாலு மெஷினையும் எடுத்து வைத்து மாற்றி அமைத்தார். எண்ணிக்கை தட்டும் வசதியை எடுத்துவிட்டார். பூட்டும் நேரத்தைத் திரும்பவும் இரண்டு நிமிஷமாக்கினார். இந்தத் தடவை நான் சண்டைக்குப் போகவில்லை. என்னுடையதைக் கையில் கொடுத்தபோது, "பத்துப் பெட்டின்னா பத்துத் தடவ, முருகையன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார். டீ குடிப்பார். கிளம்பும்போது, "வேற எதும் இருக்கா, முருகையன்?" என்று கேட்பார். நான் பொறுப்பாளன் ஆயிற்றே, வேலை பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்துக்கொள்வேன். "ஒண்ணும் இல்லங்க பாய்" என்பேன். சரி என்று எழுந்து போவார். ஒரு மாதமோ, இரண்டு மாதமோ. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டு வேலையை விடும் வரைக்கும் அவர் என் கீழ்தான் வேலை பார்த்தார். மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. கடுப்பு வந்தால் மட்டும் "பொறுப்பாளர் சொன்னா சரிதான்" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். வலிக்கட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ. அவரை மகான் ஆக்க எனக்கு விருப்பமில்லை, அவருக்கும் இருந்திருக்காது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் முதலாளியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "இப்ப எதுக்குங்க அதெல்லாம்" என்றார். அங்கிருந்து தருமபுரம் போனேன். பாயின் மனைவி, கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருப்பதால் அவரைப் பார்க்க முடியாது. மகள்தான் வாசலுக்கு வந்தார், அவரிடம் சொன்னேன். சொல்வதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எங்களுக்குத் தெரியுங்க, அங்கிள். வெள்ளிக்கெழம ஒன்னரைக்கு முன்னால வாப்பா எங்க இருப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம், "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு வாப்பா கொஞ்ச நாள் பார்த்தாங்க. தெனமும் வீட்டுக்கு வந்ததும் உம்மா கேப்பாங்க, சொன்னாரான்னு. அப்புறம் வாப்பா உங்ககிட்ட கேட்டுக் கேட்டு விட்டுட்டாங்க" என்றார். உள்ளே போய் எனக்கு டீ கொண்டுவந்தார். சர்க்கரை கூடியிருந்தது. குடித்தேன். இவ்வளவு வெட்கத்தை நான் என் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

பதிவில் பெயரை மாற்ற முடியுமா என்று மென்பொருள்காரர்களிடம் ஃபோனில் கேட்டேன். பழைய வரியைத் திருத்த முடியாதாம், கீழே குறிப்பு வேண்டுமானால் சேர்க்கலாமாம். என் அட்டையை அடித்துத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று இருபத்திரண்டு, பன்னிரண்டு பெட்டி, இலியாஸ். கீழே, "இதை அடித்தது முருகையன்" என்று எழுதிச் சேமித்தேன். அதற்குக் கீழே என் பெயரும் அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்து விழுந்தன. அப்படி விழும்படி வைத்தவர் அவர்தான். செல்வராசு இதைப் படிப்பார், மற்றவர்களும் படிப்பார்கள். இனி அந்தக் கதையைச் சொன்னால் என் பெயரில் சொல்லுங்கள்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். சாயங்காலம் மெஷினைப் பூட்டி ஸ்டாண்டில் வைக்கும்போது எதிர் நாற்காலியைப் பார்க்கிறேன். வேற எதும் இருக்கா, முருகையன்?

இருக்குங்க, பாய். அந்தப் பன்னிரண்டு பெட்டி நான் அடிச்சது.