ஒன்றரை ஷிப்ட்

காஸ்ட் அக்கவுன்டன்ட் தேர்வுக்காகக் கோவையில் ஒரு ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். படிப்பு அட்டவணை போடுவதற்காக ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வேலை நேரம் கேட்டார்.

"தினம் ஒன்றரை ஷிப்ட் சார்."

"ஒரு நாளுக்குள்ள ஒன்றரையா? உங்க ஊர்ல எத்தனை சூரியன்ப்பா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பூரில் காலையில் போய் இரவில் திரும்புவதற்குப் பெயர் அதுதான். சாயங்காலத்தோடு கிளம்புகிறவனிடம் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அந்த அரை ஷிப்டை விட்டுவிட்டுப் படி என்றார் ஆசிரியர்.

தெற்கேயிருந்து பிழைக்க வந்த எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பி.காம் முடித்தும், திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்பா அயர்ன் பண்ணிப் போடுகிற டீ-ஷர்ட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலத்தோடு கிளம்பலாமா என்று முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதுக்கென்னங்க கண்ணு, நல்லாப் படிங்க. சாயங்காலத்துக்கு வேற ஆள் போட்டுக்கலாமுங்க" என்றார்.

அன்று முதல் சாயங்காலங்கள் எனக்குக் கிடைத்தன. பாடத்தில் வரும் ஓவர்டைம் கணக்குகளை அலுக்காமல் போட்டுப் பார்த்தேன். அப்பா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். ஷிப்மென்ட் நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நெருங்கிய சமயத்தில் ஒரு சாயங்காலம், கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் போன் செய்தார். அப்பாவின் கணுக்காலில் புடைத்திருந்த நரம்பு வெடித்துச் செருப்பெல்லாம் ரத்தம்.

"மடிக்க வந்த ஆளு எங்கீங்க்கா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"எந்த ஆளுங்க தம்பி? ஆரும் வேண்டாம், நானே மடிச்சுப் போடறேன்னு உங்கப்பாதான் மொதலாளிகிட்டச் சொல்லிட்டாருங்களே."

கட்டிலில் கிடந்த அப்பா என்னைப் பார்க்காமலே பேசினார். "வேத்தாள விட்டா உன் எடம் போயிரும்லா. அரை ஷிப்டுக்கு வாரவன் முழுசையும் புடிச்சிருவாம்லே."

இனி நின்று வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் முதலாளி அதே மரியாதையோடு கேட்டார். "அப்பா ரெஸ்ட் எடுக்கட்டுங்க கண்ணு. ஷிப்மென்ட் கெடக்குதுங்க. அயர்ன் டேபிளுக்கு நீங்க நிக்கறீங்களா, ஆள் பாக்கட்டுங்களா?"

நின்றேன். ஒன்றரை ஷிப்ட்.

தேர்வன்று காலை நான் வேலைக்குக் கிளம்புவதைக் கண்டு அப்பா எழுந்து உட்கார்ந்தார். "எங்கலே போற? பரீச்சை இன்னைக்குல்லா?"

"அடுத்த தடவை எழுதிக்கறேம்ப்பா."

கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அடுத்த தடவ யாருலே நிப்பா?"