ஐஸ் பெட்டிக்காரரின் எண்

மலர்க்கொடி வெற்றுப் பக்கத்தில் வேலையைத் தொடங்க மாட்டாள். பழைய வேலை ஒன்றைத் திறப்பாள். பெயர், படம், நிறம் என்று ஒவ்வொன்றாக மாற்றுவாள். பழையது புதியதாகிவிடும். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் அவள் கற்றுக்கொண்ட முறை அது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அங்கே ஒரே பூமாலைதான். வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் பேனர் திரையில் தெரிய வேண்டும்.

மருங்காபுரிப் பக்கம் கடலை விதைத்துவிட்டு மழையைப் பார்த்திருக்கும் குடும்பம் அவளுடையது. படித்து முடித்ததும் திருச்சிக்கு வந்தாள். பிளக்ஸ் கடையை விட்டபின் ஸ்ரீரங்கத்தில் காந்தி ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை எடுத்தாள். அவளிடம் வேலை கொடுப்பவர்கள் இட்லி மாவு விற்கும் பெண்கள், தையல்காரர், சின்ன மெஸ், எங்களைப் போன்ற அறக்கட்டளைகள். பெரிய கம்பெனிக்காரர்கள் அந்தப் படியில் ஏறுவதில்லை. வெப்சைட், நோட்டீஸ், பெயர்ப்பலகை எதுவானாலும் முதலில் அவள் கேட்பது ஒன்றுதான்: “இதை யாருங்க படிக்கப் போறாங்க? அவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?”

எங்கள் அறக்கட்டளை வீட்டோடு படுத்துவிட்ட முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் அங்கே பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், வீடுவீடாகப் போய்ப் பார்க்கிறேன். வெப்சைட் வேண்டுமென்று அவளிடம் போனேன். அவள் சொன்னாள்:

“வெப்சைட்டு வெளியூர்ல இருக்கிற மகனுக்கு சிஸ்டரம்மா. மூச்சு முட்டுறப்ப வீட்டுல இருக்கிற பொம்பளை அதையா தொறந்து பாக்கும்? கட்டிலுக்கு மேல சுவத்துல ஒட்டுற மாதிரி ஒண்ணு போடுவோம். பெரிய எழுத்து. கீழ சிவப்புப் பட்டையில நம்பர்.”

நல்ல யோசனை. அவள் அனுப்பிய மாதிரியை நான் சரிபார்த்தேன். எண் சரியாக இருந்தது.

அச்சகத்திலிருந்து மறுநாள் கூப்பிட்டார்கள். தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றனவாம். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். அவள் கணினியில் இருக்கிற எழுத்துரு அச்சகத்துக் கணினியில் இல்லாவிட்டால் இப்படி ஆகும். அதற்கு எழுத்தையெல்லாம் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். மெஷின் காத்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் வரிகளைப் படமாக மாற்றினாள். சிவப்புப் பட்டையை மட்டும், ஏற்கெனவே படமாக மாற்றி வைத்திருந்த பழைய வேலையிலிருந்து இழுத்து ஒட்டினாள். அனுப்புமுன் ஒவ்வொரு எழுத்தும் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். எண்களைப் பார்க்கவில்லை. எண்கள் உடைவதில்லை.

அந்தப் பழைய வேலை உறையூர் பிச்சமுத்துவுடையது. இறந்தவர் உடலை வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவர்.

ஸ்டிக்கர்கள் வந்தன. எங்கள் பெண்கள் அந்த வாரமே வீடுவீடாக ஒட்டிவிட்டார்கள்.

அமாவாசையன்று முற்பகல் வெப்சைட் வேலைக்காக அவள் அறையில் இருந்தேன். அவள் போன் அடித்தது. கை மௌஸில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“தாயி, பிச்சமுத்து பேசுறேன். என் நம்பரை வேற எதுலயாச்சும் போட்டுட்டியா?”

“இல்லையேண்ணே. ஏன்?”

“இப்பதான் ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. மாமாவுக்கு மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்கன்னுச்சு. நான் எப்பவும் கேக்குற மாதிரி, பெட்டி எங்கம்மா வரணும்னு கேட்டேன். டக்குனு வச்சிருச்சு. திருப்பிப் போட்டா சுவிட்ச் ஆஃப். மூச்சு இருக்கிறவங்க யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்களே, அதான் கேட்டேன்.”

மலர்க்கொடி மேசையில் கிடந்த எங்கள் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புப் பட்டையில் பிச்சமுத்துவின் எண் இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“அப்புறம் அழலாம். அந்தப் பொண்ணு கூப்பிட்ட நம்பரைக் கேளு” என்றேன்.

கேட்டாள். எங்களிடம் பதிவான எண்களில் அது இல்லை. பல வீடுகளில் வெளியூர் மகனின் எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். மாமா என்று சொன்னதால் மருமகள். மூச்சுத் தொந்தரவு. மருமகள் தனியாகப் பார்த்துக்கொள்கிற அப்படிப்பட்ட வீடுகள் இரண்டுதான். திருவானைக்கோவில் வீட்டுக்குப் போன் போட்டேன். “மாமா இட்லி சாப்பிடறார்” என்றாள் அந்தப் பெண். மற்றது அம்மா மண்டபம் சந்தில் பீமராவ் வீடு. அவருக்கு இதயம் பலவீனம். மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன் போனை எடுக்கவில்லை.

படியில் இறங்கிக்கொண்டே 108-க்குச் சொன்னேன். மலர்க்கொடி ஸ்கூட்டரை எடுத்தாள். சாவி துளைக்குள் போகவில்லை. வாங்கி நானே போட்டேன்.

அம்மா மண்டபம் ரோடு அமாவாசைக் கூட்டத்தில் அடைத்துக் கிடந்தது. தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள், எள்ளும் வாழை இலையும் விற்கிறவர்கள், நடுவில் நின்றுவிட்ட வேன்கள். ஆம்புலன்ஸும் இதற்குள்தான் வர வேண்டும். ஸ்கூட்டரை ஒரு பூக்கடை ஓரம் போட்டுவிட்டு நடந்தோம். ஈர வேட்டிகளுக்கு இடையில் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள்.

“சிஸ்டரம்மா, போயிருந்தா?”

“பேசாம நட.”

“நான் கொன்னுட்டேன்னு ஆயிடும்ல?”

ஆகும் என்றுதான் நானும் நினைத்தேன். மூச்சு முட்டும்போது ஒருவர் மல்லாந்து கிடந்தால் நேரம் அதிகம் கிடையாது. இதை அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே மருமகள் சுபஸ்ரீ கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விளக்கு ஏற்றியிருந்தாள். கையில் கிண்ணத்தில் துளசித் தீர்த்தம். பீமராவ் தலையணையிலிருந்து சரிந்து மட்டமாகக் கிடந்தார். உதடு நீலம். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பூன் அவர் வாயருகே போய்விட்டது.

“தண்ணி விடாதே” என்றேன். அந்த நிலையில் ஒரு வாய்த் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் போதும்.

ஸ்பூன் கீழே விழுந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். மலர்க்கொடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தூக்கி அவரை உட்கார வைத்தோம். காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டேன். முன்னால் தலையணைகளை அடுக்கி அதன்மேல் சாய்த்தேன். உட்கார வைத்தாலே கொஞ்சம் மூச்சு திரும்பும். திரும்பியது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மிச்சத்துக்கு ஆம்புலன்ஸின் ஆக்சிஜன் வர வேண்டும்.

“ஏம்மா, அந்த நம்பர் சரியில்லேன்னா வேற யாரையாவது கூப்பிடக் கூடாதா?” என்று சுபஸ்ரீயைக் கேட்டேன்.

“அமாவாசையும் அதுவுமா உதவிக்குக் கூப்பிட்டா, பெட்டி எங்க வரணும்னு ஒரு குரல் கேக்கறது. நான் சொல்றதுக்கு முன்னாடியே அவாளுக்குத் தெரிஞ்சிருக்கு. பெருமாளே தீர்மானம் பண்ணிட்டார்னு நெனச்சேன். அப்புறம் போனைத் தொடவே பயமா இருந்தது. அணைச்சு வச்சுட்டேன்.”

மலர்க்கொடி சுவர் ஓரமாக நின்றிருந்தாள். “பெருமாள் இல்லைக்கா. நான்தான். நம்பரை மாத்திப் போட்டுட்டேன்” என்றாள்.

சுபஸ்ரீ அவளையே பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மலர்க்கொடிக்கு நன்றாக இருந்திருக்கும். கூட்டத்துக்கு அப்பால் ஆம்புலன்ஸின் சத்தம் ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மலர்க்கொடி வெளியே ஓடினாள். எள் விற்றவர்களையும் வேன் டிரைவர்களையும் அவள் என்ன சொல்லி நகர்த்தினாளோ தெரியாது. வண்டி சந்து முனைக்கு வந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

பீமராவ் பிழைத்தார். அன்று மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போன் போட்டோம். ஸ்டிக்கர்களை எடுக்க மலர்க்கொடியே போனாள். பீமராவ் வீட்டுச் சுவரிலிருந்து அதை நகத்தால் கிழித்து எடுத்தாள். சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்தது.

பிச்சமுத்துவிடம் எங்கள் எண்ணைக் கொடுத்து, இனி யாராவது அப்படிக் கூப்பிட்டால் எங்களுக்குத் தள்ளிவிடச் சொன்னேன். “சரிங்கம்மா. எடுத்த உடனே பெட்டின்னு கேக்குறதையும் விட்டுட்டேன். யாருங்க பேசுறதுன்னு கேட்டுக்கறேன்” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பீமராவைப் பார்க்க மலர்க்கொடியை வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனேன். வாசற்படியிலேயே நின்றாள்.

“என் பேர்ல பெட்டி புக் பண்ணின பொண்ணு நீதானா? வா, உட்காரு. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு அந்தப் பெட்டிக்காரர்கிட்டச் சொல்லிடு” என்றார் பீமராவ்.

சுபஸ்ரீ சிரித்துவிட்டாள். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதும் வரவில்லை. பழைய வேலையைத் திறந்து மாற்றுவதை விட்டுவிட்டாள். வெற்றுப் பக்கத்தில் தொடங்குகிறாள், வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, சில கடைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அச்சகத்துக்குப் போகிற கடைசிப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் அழுத்துவாள். யாராவது எடுக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். மணி நீண்டு அடித்தால் அவள் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடிக்கும். நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எங்கள் புது ஸ்டிக்கர் சுவரில் ஏறி மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் ஏதாவது ஒரு நாள் அந்த எண்ணுக்கு அவளிடமிருந்து போன் வரும்.

“நான்தான் சிஸ்டரம்மா. ஒண்ணுமில்ல. மணி அடிக்குதான்னு பாத்தேன்.”

“அடிக்குது. எடுத்துட்டேன். வை.”

உடனே வைத்துவிடுவாள். வேறு யாரோ கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்குப் பயம்.