சைடிங் வண்டியும் கடைசி ஸ்டேஷனும்

என்னிடம் ஒரு தினசரிக் காலண்டர் தாள் இருக்கிறது. ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு அச்சாகியிருந்த மூலை கிழிந்துபோய்விட்டது. இராகு காலம் நாலரை முதல் ஆறு என்ற வரிக்குக் கீழே அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "நல்ல நேரத்தில் வரவில்லை. காரணம், வண்டி." அதை எப்போது கையில் எடுத்தாலும் பிரேக் தேய்ந்து சூடான இரும்பின் வாசனை எனக்கு வந்துவிடும். எங்கள் ஊர் பிளாட்பாரத்தின் வாசனை அது.

பட்டாபிராமில் பிரதான பாதையை விட்டு விலகி, ராணுவக் கிடங்கை நோக்கிப் போகும் சிறு கிளைப் பாதையைத்தான் நாங்கள் 'சைடிங்' என்போம். முதலில் அது சரக்குக்காகப் போட்ட பாதை என்றும், மனிதர்கள் ஏறும் வண்டி பிற்பாடுதான் வந்தது என்றும் கிடங்கில் எழுத்தராக இருந்த அப்பா சொல்வார். மின்சார வண்டி வந்து நின்றதும் டிரைவர் கைப்பெட்டியுடன் இறங்கி அந்தக் கோடிக்கு நடப்பார், கார்டு அங்கிருந்து இந்தக் கோடிக்கு வருவார், வழியில் சந்தித்து இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அதற்குள் வால் தலையாகி, வண்டி சென்னைப் பக்கம் திரும்பியிருக்கும். எஞ்சினைக் கழற்ற வேண்டாம், சுற்றிக் கொண்டுவர வேண்டாம். இவ்வளவு எளிமையாக ஒரு பெரிய காரியம் நடப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அங்கிருந்தே வண்டி புறப்படுவதால் எங்களுக்கு எப்போதும் உட்கார இடம் உண்டு. ஆவடியில் ஏறுகிறவர்கள், "உங்களுக்கின்னாம்மா, ஊட்டு வாசல்லயே வண்டி" என்று குத்திக்காட்டுவார்கள். அதனாலோ என்னவோ, பெண்கள் பெட்டியில் 'மாத்து' என்றொரு வழக்கம் இருந்தது. சைடிங் பெண்கள் அம்பத்தூர் வரைதான் உட்காருவார்கள். அங்கே எழுந்து, ஆவடியிலிருந்து நின்றுகொண்டே வந்தவர்களுக்கு இடம் கொடுப்பார்கள். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த என் அக்கா சுமதிதான் இந்த மாத்துக்குக் காவல். தூங்குவதுபோல் பாவனை செய்கிறவர்களையும் தோளைத் தட்டி எழுப்பிவிடுவாள்.

அக்காவுக்கு வரன் வந்தபோதெல்லாம் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள், வேலையை விடமாட்டேன் என்று. அதைக் கேட்டே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக வந்த பெரம்பூர் இடம் அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. இதுவும் போனால் இனி யாரிடமும் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டாள். பெண் பார்க்க ஞாயிறு நாலரைக்குள் வருவதாக ஏற்பாடு. அப்பா அவர்களுக்கு வழி சொன்னார்: "ஒண்ணும் யோசிக்காதீங்க. வண்டில ஏறி குந்துங்க, கடைசி ஸ்டேஷன்ல எறங்குங்க. அதுக்கு மேல தண்டவாளமே கெடையாது."

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் வழி சொல்வோம். அதே தண்டவாளத்தில் வேறு ஊர்களுக்கும் வண்டி போகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில் நிற்காது. பெரம்பூர்க்காரர்கள் வந்த வண்டியில் ஏறினார்கள், கடைசி ஸ்டேஷனில் இறங்கினார்கள். அது திருவள்ளூர்.

அங்கிருந்து எதிர்வண்டி பிடித்துப் பட்டாபிராமுக்குத் திரும்பும்போது நாலரையாகிவிட்டது. கையில் பழத்தட்டும் மல்லிகைப் பூவுமாகப் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்றபடி, மாப்பிள்ளையின் அம்மா மகனிடம் சொன்னாராம்: "வழி சொல்லத் தெரியாத ஊட்ல பொண்ணு எடுக்கணுமாடா? இன்னும் கொஞ்சம் போயிருந்தா திருப்பதில மொட்டையே போட்டுகினு வந்திருக்கலாம். வா, அடுத்த வண்டில ஊட்டுக்குப் போலாம்."

அப்போது கீழே சைடிங் வண்டி வந்து நின்றது. பெண்கள் பெட்டியின் வாசலில், சென்ட்ரலில் பூ விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஊர்ச் செல்லம்மா நின்றிருந்தாள். பட்டுப்புடவையையும் தட்டையும் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னாக்கா, சுமதி ஊட்டுக்குத்தானே? ஊரே காத்துகினு கீது. எறங்கி வா."

"முட்டி வலிக்குதும்மா. வண்டி போயிடும்."

"எங்க போயிடும்? நானு கீறேன்ல, மெதுவா வா."

வண்டி போகவில்லை. செல்லம்மா அவரைக் கைப்பிடித்து ஏற்றி, உட்காரவைத்து, வரும் வழியெல்லாம் மாத்தைப் பற்றியும் அதற்குச் சுமதி காவல் நிற்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

வீட்டுக்கு வந்தபோது நடு ராகு காலம். அம்மா காப்பித் தம்ளரோடு சமையலறை வாசலிலேயே தயங்கி நின்றாள். "கொண்டாம்மா, வண்டிக்கு ஏது ராகு காலம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு அக்காவைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"வேலைய உட்ருவியா?"

"மாட்டேங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உட்றாத," என்றார் அவர். "எம் புள்ளைக்குக் கடைசி ஸ்டேஷன் எதுன்னே தெரியல. ஊட்ல ஒருத்தருக்காவது வண்டி தெரியணும்."

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது பெரம்பூரில் இருக்கிறாள். சைடிங் வண்டி இன்றும் ஓடுகிறது. டிரைவரும் கார்டும் இன்றும் கோடி மாறுகிறார்கள், நான் இன்றும் நின்று பார்க்கிறேன். பாதைக்கு இருபுறமும் எழுந்திருக்கும் அடுக்குமாடி வீடுகளில் வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் குடியிருக்கிறார்கள்; யாருக்கு வழி சொல்வதானாலும் தாங்கள் இருக்கும் இடத்தைக் கைபேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். கடைசி ஸ்டேஷன் என்று சொல்லி அனுப்பும் வழக்கமும், அம்பத்தூரில் எழுந்து இடம் கொடுக்கும் மாத்தும் இப்போது இல்லை.

ஒன்றை மட்டும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. "கார்டு சாரே, சம்பந்தியம்மா வர்றாங்க" என்று தான் கத்தியதாகவும், அதைக் கேட்டு அவர் பச்சைக்கொடியை இறக்கி வண்டியைக் காக்கவைத்ததாகவும் செல்லம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் மாமியாரோ, வண்டி யாருக்காகவும் நிற்கவில்லை, படியிறங்கித் தான்தான் ஓடிவந்ததாகச் சொல்வார். இருவரும் இப்போது இல்லை. அந்தக் கார்டு யாரென்றும் தெரியவில்லை. முட்டிவலிக்காரர் ஓடினார் என்பதை நம்புவது கடினம். ஆனால் வண்டி அவருக்காகக் காத்து நின்றது என்பதற்கு ஒரு சாட்சியும் என்னிடம் இல்லை.